கணவரின் உறுப்புகளைத் தானம் செய்தேன், என் மேல் வழக்கு வருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் கணவருக்கு 38 வயது, மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் லாரி மோதித் தலையில் அடி. தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முகாமில் உறுப்பு தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் படிவம் பீரோவில் இருக்கிறது. நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். கிட்னி, கல்லீரல், கண் எடுத்தார்கள். அதன் பிறகு ஸ்டான்லியில் போஸ்ட்மார்ட்டம். மாமியார் அப்போது செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். போனில் சொன்னேன், அழுதார், வேறு எதுவும் பேசவில்லை. சவூதியில் இருக்கும் கொழுந்தனார் அடக்கத்துக்குத்தான் வந்தார். இப்போது அவர், "அம்மாவைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தாய், இதயம் துடிக்கும்போதே அறுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி கடைசி நாள் பில் வாங்கவில்லை, காசுக்குத்தானே கொடுத்தாய், போலீசில் கொடுக்கிறேன், விபத்து நஷ்டஈடும் கிடைக்காது" என்கிறார். இறந்தவர் எல்லோருடைய உறுப்பையும் எடுக்கலாம் என்று அரசே கட்டாயச் சட்டம் போட்டுவிட்டால் என்னைப் போன்றவள் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாமே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் நீங்கள் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

முதலில் பீரோவில் இருக்கும் அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கு வந்தால் அதன் மேல்தான் நிற்கும். முகாம்களில் தருவது பெரும்பாலும் படிவம் 7. கீழ்ப்பகுதியில் உங்கள் கணவரின் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவினர்கள்.

இந்தக் கையெழுத்துகள் எதற்கு என்றால், 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பிரிவு 3-இல் இரண்டு வழிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. இறந்தவர் உயிரோடு இருக்கும்போதே இப்படிச் சாட்சிகளோடு எழுதிக் கொடுத்திருந்தால், உடலைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்கு வழிவிட வேண்டும். இறந்தவர் பிறகு மனம் மாறி அதை ரத்து செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். தாயார் ஒப்புக்கொண்டாரா, தம்பி ஒப்புக்கொண்டாரா என்று அந்த உட்பிரிவு கேட்கவில்லை. அந்த உடல் யாருடையதோ அவரே முடிவு செய்துவிட்டார் என்பதுதான் அதன் பொருள்.

படிவத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை, அல்லது இரண்டு சாட்சிகளும் யார்டில் கூட வேலை செய்தவர்கள்தான் என்றால் இரண்டாவது வழிக்கு வருகிறோம். இறந்தவர் முறையாக எழுதித் தரவில்லை, ஆனால் எதிர்ப்பும் சொல்லவில்லை என்றால் உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அனுமதி தரலாம். இங்கேதான் உறவினரின் ஆட்சேபம் நுழைகிறது. நெருங்கிய உறவினர் எவருக்காவது ஆட்சேபம் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் அந்த அனுமதியைத் தரக்கூடாது. தாயாரும் தம்பியும் அந்தப் பட்டியலில் வருபவர்கள்தான். உங்கள் விஷயத்தில் மாமியார் போனில் அழுதார், மறுக்கவில்லை. கொழுந்தனார் அடக்கத்துக்கு வந்த பிறகே பேசினார். நீங்கள் கையெழுத்துப் போட்ட நேரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆட்சேபம் எதுவும் கிடையாது. அப்புறம் எழுந்த ஆட்சேபம் முன்னால் கொடுத்த அனுமதியைக் கெடுக்காது. மாமியாருக்கு நீங்கள் பேசிய போன் அழைப்பின் நேரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனை மாற்றினால் அந்தப் பதிவு போய்விடும்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டது படிவம் 8, குடும்பத்தார் சம்மதம் தரும் படிவம். முன்பே எழுதிக் கொடுத்தவராக இருந்தாலும் குடும்பத்தாரின் படிவம் 8 இல்லாமல் ஆஸ்பத்திரிகள் பொதுவாகக் கை வைப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறும் தாயைத் தள்ளிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போக எந்த டாக்டரும் விரும்ப மாட்டார். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"இதயம் துடிக்கும்போதே அறுத்தார்கள்" என்ற பேச்சுதான் உங்களை அதிகம் சுட்டிருக்கும். இதயம் துடித்தது உண்மை. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் வரை, மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செத்த பிறகும் இதயம் சில காலம் துடிக்கும், உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும். பார்ப்பவருக்குத் தூங்குவதுபோல இருக்கும், அந்தக் குழப்பம் இயல்பு. சட்டம் மூளைத்தண்டுச் சாவையும் மரணம் என்றே வரையறுத்திருக்கிறது. அதை ஒரு டாக்டர் தனியாகச் சொல்லிவிட முடியாது. நான்கு பேர் குழு சான்று தர வேண்டும்: ஆஸ்பத்திரியின் பொறுப்பு மருத்துவர், அங்கீகரித்த பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை நிபுணர், சிகிச்சை தந்த மருத்துவர். கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள், விழியில் பஞ்சு நுனியால் தொடுவார்கள், காதுக்குள் ஜில்லென்ற தண்ணீர் விடுவார்கள், தொண்டையில் குழாய் விட்டு இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக வென்டிலேட்டரைப் பிரித்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் மூச்சு தானாக எழுகிறதா என்று கவனிப்பார்கள். இதையெல்லாம் ஒரு முறை செய்து, குறைந்தது 6 மணி நேரம் விட்டு மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டு முறையும் நாளும் நேரமும் படிவம் 10-இல் ஏறும், நால்வரும் கையெழுத்திடுவார்கள்.

அந்தப் படிவம் 10-இன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். கேஸ் ஷீட், ஐ.சி.யூ. சார்ட், படிவம் 8, படிவம் 10, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் உங்களிடம் பேசியதற்கான குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் வராதீர்கள்.

பணம் வாங்கினாய் என்ற பழிக்கும் பதில் இருக்கிறது. உறுப்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் கடும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் பில் வாங்காமல் விட்டது அந்தக் கணக்கில் வராது. தானம் என்று முடிவான பிறகு உடலைப் பராமரிக்கும் செலவையும் உறுப்பை எடுக்கும் செலவையும் தானம் தந்தவர் குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது என்று உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதற்கு முந்தைய சிகிச்சைச் செலவு உங்களுடையது. எந்த மணியிலிருந்து பில் நின்றது என்று இறுதி பில்லில் பாருங்கள். படிவம் 8, படிவம் 10 ஆகியவற்றின் நேரத்தோடு அது ஒத்துப்போனால், கொழுந்தனார் லஞ்சம் என்று சொல்வதே விதி நிறைவேறியதற்கு ஆதாரம் ஆகிவிடும்.

விபத்து நஷ்டஈடு ஒரு ரூபாய்கூடக் குறையாது. விபத்து கேஸ் என்பதால் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் கட்டாயம். இப்படிப்பட்ட கேஸ்களில் ஆஸ்பத்திரி காவல் நிலையத்துக்கு எழுதி, போஸ்ட்மார்ட்டம் டாக்டருக்கும் நகல் அனுப்பி, சாவின் காரணத்தைக் கண்டறிவது பாதிக்காதபடி எடுக்க வேண்டும். எண்ணிக் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு இடம்: மரண நேரம். இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரத்தையே மரண நேரமாக எழுதுவது வழக்கம். சில சமயம் மாநகராட்சிக்குப் போகும் தகவலில், மறுநாள் தியேட்டரில் இதயம் நின்ற நேரத்தை யாராவது எழுதிவிடுவார்கள். படிவம் 10-இல் ஒரு தேதி, இறப்புச் சான்றிதழில் இன்னொரு தேதி என்றால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் "சாவுக்குக் காரணம் விபத்தா, ஆபரேஷனா" என்று அங்கேதான் பிடிப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் ஆஸ்பத்திரியிடம் திருத்தக் கடிதம் வாங்கி, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 15-இன் கீழ் மாநகராட்சி பதிவாளரிடம் திருத்தம் கேளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-இன் கீழ் நஷ்டஈட்டு மனுவை விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். மனுவில் மாமியாரை விட்டுவிடாதீர்கள். பிள்ளையை நம்பியிருந்த தாய்க்கும் அதில் பங்கு உண்டு. அவர் பெயரை நீங்களே முதல் பக்கத்தில் சேர்த்தீர்கள் என்று தெரிந்தால் வீட்டில் பாதிப் புகைச்சல் அடங்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கட்டாயம் ஆக்கினால் சண்டை தீருமா? தீராது என்பதே என் உறுதியான கருத்து.

நம் பகுதிக்கு இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. வில்லிவாக்கத்தைக் "கிட்னிவாக்கம்" என்று பத்திரிகைகள் எழுதிய காலம் உண்டு. கடனுக்குக் கிட்னியை விற்ற குடும்பங்கள் அங்கே அவ்வளவு இருந்தன. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் கிட்னி விற்றது 2007-இல் வெளியே வந்தது. ஏழையின் உடம்பு யாருக்கோ உதிரிபாகம் ஆகிறது என்ற பயம் வடசென்னையில் அறியாமையால் வந்ததல்ல, அனுபவத்தால் வந்தது. 1994 சட்டம் பிறந்ததே அந்த வியாபாரத்தை நிறுத்தத்தான். அதே சட்டத்தில் "இனி கேட்காமலே எடுப்போம்" என்று எழுதினால், தலையில் அடிபட்டவரை ஐ.சி.யூ.வில் சேர்க்கவே காசிமேட்டில் ஒரு குடும்பம் தயங்கும்.

வெளிநாட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. ஸ்பெயினில் மறுப்பு எழுதாதவர் சம்மதித்ததாகக் கொள்ளும் சட்டம் 1979-லிருந்து இருக்கிறது, ஆனாலும் குடும்பத்தைக் கேட்டுவிட்டே செய்கிறார்கள். இங்கிலாந்து 2020-இல் இந்த முறைக்கு மாறியது, அங்கும் குடும்பத்தோடு பேசுகிறார்கள். சிங்கப்பூர் இன்னும் கண்டிப்பு, மறுப்பு எழுதியவருக்கு நாளை உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்னால்தான் இடம். பிரேசில் 1997-இல் இப்படிச் சட்டம் போட்டது. மக்கள் நம்பவில்லை, மறுப்பு எழுதித்தர அலைமோதினார்கள், மறு வருடமே திரும்பப் பெற்றது. நம் அரசியல் சட்டத்திலும் இது சுலபமாக நிற்காது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல், பிரிவு 21 தரும் கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்றது. மத நம்பிக்கைக்கான பிரிவு 25-உம் இருக்கிறது.

கட்டாயம் வேண்டியது வேறு இடத்தில். குடும்பத்தைக் கேட்க வேண்டியது டாக்டரின் கடமை, தர வேண்டியது குடும்பத்தின் விருப்பம். ஐ.சி.யூ.வில் இருப்பவர் முன்பே எழுதிக் கொடுத்தாரா என்று விசாரித்து, இல்லையென்றால் தரலாம், மறுக்கவும் செய்யலாம் என்று இரண்டையும் உறவினருக்கு எடுத்துச் சொல்லும் கடமையை உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் மருத்துவர் மேல் வைத்தது. இந்தக் கட்டாயத்தைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மாமியாரின் பஸ் வந்து சேரும் வரை காத்திருந்து, அவரையும் உட்காரவைத்து அந்தக் காதுத் தண்ணீரையும் பஞ்சையும் விளக்கியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. உறுப்பு கெடாமல் இருக்கும் நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு பரிசோதனைக்கு நடுவே அந்த 6 மணி நேரம் இருந்ததே.

படிவம் 7-இன் அடியிலேயே, இது குடும்பமாக எடுக்கும் முடிவு, வீட்டாரிடம் பேசுங்கள் என்று அச்சடித்திருக்கிறது. முகாமில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் அந்த வரியை யாரும் படித்துக் காட்டுவதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் எழுதித் தருவதாக இருந்தால் சாட்சி இடத்தில் அம்மாவையோ அண்ணன் தம்பியையோ கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நாளைக்கு யார் எதிர்ப்பார்களோ அவரே சாட்சியாக இருப்பது நல்லது.

கொழுந்தனார் புகார் கொடுத்தால் என்ன ஆகும்? உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் நேராகப் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டு நீதிமன்றத்தை நடத்தவைக்க முடியாது. பிரிவு 22-இன்படி, இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்த உரிய அதிகாரியோ அவர் அதிகாரம் தந்தவரோ புகார் தாக்கல் செய்ய வேண்டும். தனி நபர் என்றால் அந்த அதிகாரிக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் நீதிமன்றம் போகலாம். 2009-இல் ஜீவன்குமார் ராவுத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. நல்லெண்ணத்தோடு இந்தச் சட்டப்படி நடந்தவருக்குப் பிரிவு 23 பாதுகாப்பும் தருகிறது.

காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் பதறி ஓடாதீர்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்லக்கூடாது, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 179 அப்படித்தான் சொல்கிறது. வீட்டுக்கு வரட்டும். படிவம் 7, 8, 10, போஸ்ட்மார்ட்டம் சான்று, இறுதி பில் எல்லாவற்றிலும் நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு.