எலிக்கு பைபாஸ் பண்ணா குடலுக்கு என்ன ஆகுது? கேளுங்க, சொல்றேன்

வணக்கம்ங்க. ஊட்டில ஒரு லேப்ல 16 வருஷமா திசு வெட்டி ஸ்லைடு போடறதுதான் என் வேலை. குண்டு எலிக்கு இரைப்பை பைபாஸ் மாதிரி எடை குறைக்கற ஆபரேஷன் பண்ணா குடல் எப்படி மாறுதுன்னு கேளுங்க.

கூடலூர் மாணவி: பைபாஸ்ல குடல் சுருங்கத்தானே செய்யணும் அண்ணா, பெருசாகுதுங்கறாங்களே?

ஆமாம்மா, நல்லா பெருசாகும். இரைப்பைய சின்ன பையாக்கி நடுச்சிறுகுடல நேரா அதுல தெச்சிடுவாங்க, அதுக்கு பேரு ரூ லிம்ப். பித்தமும் கணைய நீரும் கீழதான் வந்து சேரும், அதனால பாதி கூட செரிக்காத சாப்பாடு மொத்தமா இந்த இடத்துல வந்து விழுது. கவாத்து பண்ண தேயிலைல புதுக்கொழுந்து தடிமனா வர்ற மாதிரி, சுவர் தடிச்சு, உள்பக்கம் விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கற குடலுறிஞ்சி எல்லாம் நீண்டு, அடில இருக்கற குழி ஆழமாகும். ஸ்லைட வெறும் கண்ணால பாத்தாலே குறுக்க வெட்டின குடல் வளையம் பெருசா தெரியும். இவ்வளவு திசு வளர சர்க்கரை வேணும்ல, அத ரத்தத்துல இருந்தே இழுக்குது. 2013ல சயின்ஸ் இதழ்ல வந்த எலி ஆய்வுல இத காட்டினாங்க: கருவுல இருக்கற குடல்ல நிறைய இருக்கற, சர்க்கரைய செல்லுக்குள்ள கொண்டுபோற க்ளூட்1ங்கற புரதம் அங்க திரும்ப வருது. ஸ்லீவ்ங்கறது குடல் வழிய மாத்தாம இரைப்பைய மட்டும் வெட்டி குழாய் மாதிரி ஆக்கறது. அது பண்ண எலில இந்த வளர்ச்சி இல்ல, ஆனா சர்க்கரைய குறைக்க உதவற ஜிஎல்பி-1ங்கற ஹார்மோன் சுரக்கற செல்லு நெருக்கமாகுது.

குன்னூர்: எனக்கு சுகர், பைபாஸ் பண்ணிக்கலாமா?

டாக்டர கேளுங்க. நான் பாக்கறது எலி திசு மட்டும்தான்.

ஊட்டி, எம்.பார்ம்: குடலுறிஞ்சி நீளம் ஒரே எலிலயே தாறுமாறா வருது சார்.

சாய்ஞ்சு வெட்டிருப்பீங்க. நுனில இருந்து அடி வரைக்கும் முழுசா தெரியறத மட்டும் அளங்க. குடல எடுத்த உடனே திசு கெடாம காக்கற ஃபார்மலின்ல போடணும், ஊட்டி குளிருதேன்னு மெத்தனமா விட்டா நுனி உதிந்துரும்.

கோத்தகிரி: சுகருக்கு பைபாஸ் நல்லதா?

மேல சொல்லிட்டேன்ங்க.

கொடைக்கானல்: எலிக்கு பித்தப்பையே இல்ல, வாந்தியும் எடுக்காது. அத அறுத்து மனுசனுக்கு என்ன தெரியப்போகுது? வீண் கொடுமை.

ரெண்டும் உண்மைதான், அதனாலதான் எலில பாத்தத அப்படியே மனுசனுக்கு சொல்லக்கூடாதுன்னு நானே சண்ட போடுவேன். ஆனா வீண் இல்லைங்க. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல சத்துணவு ஆராய்ச்சி பண்ண மெக்கரிசன்ங்கற டாக்டர் எலிகளுக்கு சப்பாத்தி, பால், முளைப்பயறுன்னு குடுத்தும், அரிசிச் சோறு குடுத்தும் வளத்து, சாப்பாட்டால உடம்பு எப்படி மாறுதுன்னு பாத்தாரு. அவரோட சத்துணவு ஆய்வு லேப்தான் 1958ல ஹைதராபாத் போச்சு.

கொடைக்கானல்: அவரு சாப்பாட்டத்தானே மாத்தினாரு, கத்தி வெக்கலயே?

உயிரோட இருக்கறப்ப வெக்கல, செத்த பிறகு ஒவ்வொன்னையும் திறந்து பாத்தாரு. திசுவ பாக்காம எது மாறுச்சுன்னு எப்படி சொல்றது? மனுசன் குடல்ல கேமரா விட்டு கிள்ளி எடுக்கலாம், முழு வளையம் கிடைக்காது. வயித்த திறந்து குடல வெட்டி, வழிய மாத்தாம அப்படியே தெச்ச எலிக்கூட்டம் கூடவே இருக்கணும், இல்லேன்னா வளர்ந்தது வழி மாறினதாலயா தையல் போட்டதாலயான்னே தெரியாது. அத மனுசன்கிட்ட பண்ண முடியுமா? இந்த கூட்டம் இல்லாத ஆய்வுதான் கொடுமைங்க, எலி செத்தும் ஒன்னும் தெரியாம போகும்.

குந்தா: ஸ்லீவா பைபாஸா, சுகருக்கு எது?

மூணாவது தடவைங்க. டாக்டர்.

ஊட்டி, எம்.பார்ம்: எத்தன குடலுறிஞ்சி அளக்கணும் சார்?

ஒரு ஸ்லைடுக்கு குறைஞ்சது பத்து அளங்க, எந்த எலின்னு தெரியாம லேபிள மூடி வெச்சு அளங்க. சாய்ஞ்சு வெட்டுனத தொடாதீங்க.