கோவின் (இந்திய அரசின் கோவிட் தடுப்பூசித் தளம்) சான்றிதழில் வயது மட்டும் இருந்தால், 2021 அக்டோபரில் லண்டனுக்குப் போக அது போதுமா?

போதாது. பிரிட்டனின் இந்தக் கோவிட் பயண விதிகள் 2022 மார்ச்சில் நீங்கிவிட்டன, இது அதற்கு முந்தைய நிலவரம். சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இருந்தால்தான் பிரிட்டன் ஏற்றது. ஊசியில் சிக்கல் இருக்கவில்லை. இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டவர்களின் இந்தியச் சான்றிதழை 2021 அக்டோபர் 11 முதல் ஏற்றார்கள்.

உள்நாட்டுக்கான சான்றிதழில் வயதுதான் வந்தது. ஊசிக்குப் பதிந்த அதே செல்பேசி எண்ணில் கோவினுக்குள் போய் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் வெளிநாட்டுப் பயணச் சான்றிதழைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது.

இறக்கியதும் பெயரை பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டியிருந்தது. நம்மவர்கள் மாட்டியது இங்கேதான்: ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். விமான நிலையத்தில் போய் இதைச் சரிசெய்ய முடியாது என்பதால் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. இரண்டாவது ஊசிக்கும் லண்டனில் இறங்கும் நாளுக்கும் நடுவே 14 முழு நாள் வேண்டியிருந்தது. ஊசி போட்ட நாள் கணக்கில் வரவில்லை. ஒரு நாள் குறைந்தாலும் ஊசி போடாதவர்களுக்கான விதிதான் பொருந்தியது: கிளம்பும் முன் 3 நாளுக்குள் ஒரு பரிசோதனை, அங்கே 10 நாள் தனிமை, 2ஆம் நாளும் 8ஆம் நாளும் பரிசோதனை. கோவாக்சின் போட்டவர்களுக்கும் அப்போது இதேதான்.