குறைந்த அந்த 0.7 டிகிரி எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தெர்மோகோல் கப்பில் 50 மி.லி. ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், அதே அளவும் செறிவும் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் கலந்தேன். வெப்பநிலை 6.1 டிகிரி உயர்ந்தது. கணக்குப் போட்டால் அமிலமும் காரமும் சேரும்போது வெளிவரும் வெப்பம் மோலுக்கு 51 கிலோஜூல்தான் வருகிறது. புத்தகத்தில் சுமார் 57 என்று இருக்கிறது. மீதி எங்கே போனது? – கல்லூரி மாணவி

பதில்: 51 வந்ததை 51 என்றே எழுதியதற்கு முதலில் என் பாராட்டு. ஆய்வகத்தில் நான் சொல்லிக்கொடுத்த காலத்தில், விடையைப் பார்த்துவிட்டு அளவீட்டை மாற்றி எழுதிய நோட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். பிழை எங்கே என்று தேடும் வாய்ப்பே அதில் போய்விடுகிறதே.

உங்கள் கணக்கு சரி. 100 கிராம் கரைசல், 4.18 (ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்), 6.1 டிகிரி உயர்வு மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 2550 ஜூல். 50 மி.லி.-இல் இருக்கும் 0.05 மோலால் வகுத்தால் 51 கிலோஜூல். 57 வர வேண்டுமென்றால் 6.8 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அந்த 0.7 டிகிரியைத்தான் தேட வேண்டும்.

தெர்மாமீட்டர் உச்சத்தைக் காட்டுவதற்குள்ளேயே கொஞ்சம் வெப்பம் காற்றுக்குப் போய்விடுகிறது. அதனால் உச்ச அளவை மட்டும் குறிக்காதீர்கள். கலப்பதற்கு முன் சில நிமிடங்களும், கலந்த பின் சில நிமிடங்களும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஆறிக்கொண்டே வரும் பகுதியின் கோட்டைக் கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டுங்கள். வெப்பம் வெளியே போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை அந்தக் கோடு காட்டும். கப்பும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்ட வெப்பம் தனி. அதே கப்பில் எடை தெரிந்த குளிர்ந்த நீரில் எடை தெரிந்த சூடான நீரை ஊற்றிப் பார்த்தால் அதையும் கணக்கிட்டுவிடலாம்.

அப்புறம், நான் முதலில் சந்தேகப்படுவது சோடியம் ஹைட்ராக்சைடைத்தான். அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொள்ளும். லேபிளில் ஒரு மோலார் என்றிருந்தாலும் உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கலாம். சோதனைக்கு முன் அதன் உண்மையான செறிவைத் தரம்பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கரைசலையும் இரு மடங்கு எடுத்தால் வெப்பநிலை இரு மடங்கு உயருமா?

பதில்: உயராது. வெப்பம் இரு மடங்காகும், ஆனால் சூடேற வேண்டிய நீரும் இரு மடங்காகிறது. வெப்பநிலை உயர்வு ஏறக்குறைய அதேதான்.

கேள்வி: கார்பன் எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும்போது வெளிவரும் வெப்பத்தை எப்படி அளப்பது? கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வந்துவிடுகிறதே!

பதில்: நேராக அளக்க வேண்டியதில்லை. எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பமும் ஒன்றே என்று 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் சொன்னார். கார்பன் முழுதாக எரிந்தால் மோலுக்கு 393.5 கிலோஜூல் வெளிவரும். கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆனால் 283.0. இரண்டையும் வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமீட்டரில் அளக்கலாம். கழித்துப் பாருங்கள்: 110.5. நீங்கள் கேட்ட வெப்பம் அதுதான்.