கப்பல் உங்களுக்காக நிற்காது! – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கரீபியன் கப்பல் பயணக் கேள்விகள் சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், இங்கே மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உட்கார்ந்திருப்பவர்கள் தவிக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

கே: பையன் ஃபுளோரிடாவில் இருக்கிறான். பொங்கல் முடிந்து நாங்கள் போகும்போது மியாமியிலிருந்து ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு எல்லோருக்கும் பதிவு செய்துவிட்டான். நாசாவ், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் என்று மூன்று ஊரில் நிற்குமாம். கப்பலில் விற்கும் டூர் எல்லாம் எங்களுக்கு அதிகமாகத் தெரிகிறது. நாமே ஒரு சுத்தமான கடற்கரைக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வர முடியாதா? கூடவே மாமியார் வருகிறார், அவருக்கு முட்டி வலி. என் கணவருக்கு ஜூஹு மாதிரி கூட்டம் என்றாலே ஆகாது. – செம்பூர் வாசகி

ப: தாராளமாகப் போகலாம். மூன்று ஊரிலும் டாக்ஸி துறைமுக வாசலிலேயே நிற்கும், அமெரிக்க டாலரே செல்லும். ஆனால் படத்தைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், படத்தில் எல்லாக் கடலும் நீலம்தான். கூகுள் மேப்பைத் திறந்து அது எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று பாருங்கள். கரீபியனில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் காற்று கிழக்கிலிருந்துதான் வீசும், அலை, பாசி, மிதந்து வரும் பிளாஸ்டிக் எல்லாம் அந்தக் கொண்டல் காற்றோடு வந்து கிழக்குக் கரையில் ஒதுங்கும், மேற்குப் பக்கத்துக்குத் தீவே மறைப்பாக இருப்பதால் அங்கே தண்ணீர் அலுங்காமல் கிடக்கும். நமக்கு இங்கே தலைகீழ். மேற்கு பார்த்த ஜூஹுவில் ஜூன் பிறந்தால் குப்பையும் தார் உருண்டையும் கரையேறுகிறதே, அதே கணக்குதான், காற்றின் திசைதான் வேறு.

செயின்ட் தாமஸில் யோசிக்கவே வேண்டாம், மேகன்ஸ் பே. கப்பல் நிற்கும் ஹேவன்சைட், க்ரவுன் பே இரண்டுமே தெற்குக் கரையில் இருக்கின்றன, மேகன்ஸ் பே மலைக்கு அந்தப் பக்கம் வடக்கே. வடமேற்கு பார்த்து ஆழமாக உள்வாங்கிய வளைகுடா என்பதால் கிழக்குக் காற்று நேராகத் தாக்காது. ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு வெள்ளை மணல். கழிப்பறை, குளித்துவிட்டு உடம்பு கழுவ ஷவர், உயிர்காப்பாளர், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. வாசலுக்கு எதிரே இருக்கிற மணலில்தான் எல்லோரும் துண்டை விரிப்பார்கள், கரையோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அங்கே 'சஃபாரி டாக்ஸி' என்று ஒரு வண்டி. பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தில் வரிசையாக பெஞ்ச் போட்டு, மேலே கூரை வைத்து, பக்கம் திறந்தே இருக்கும். படி நல்ல உயரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித்தான் ஏற வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது சரிவராது, மூடிய வேன் கேளுங்கள், கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று அரசே நிர்ணயித்திருப்பதால் பேரம் பேசவும் தேவையில்லை. மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், தலைசுற்றல் இருப்பவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். போகும்போதும் வரும்போதும் வண்டி நிறைந்தால்தான் கிளம்பும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் மார்ட்டினில் உங்கள் மாமியாருக்காகவே செய்த மாதிரி ஒரு கடற்கரை இருக்கிறது. ஃபிலிப்ஸ்பர்க் ஊரின் முன்னாலேயே கிரேட் பே. கப்பல் மேடையிலிருந்து வாட்டர் டாக்ஸி என்கிற சின்னப் படகில் ஏறினால் நேரே ஊர்க்கரையில் இறக்கிவிடும், இறங்கின இடத்திலிருந்து கடலோரமாகச் சமதளமான நடைபாதை, நாற்காலியும் குடையும் வாடகைக்கு. அவர் குடை நிழலில் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் பின் தெருவில் கடை பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஒரே நாளில் நாலைந்து கப்பல் வந்து நிற்கிற துறைமுகம் அது. க்ரூஸ்மேப்பர் மாதிரி தளத்தில் உங்கள் தேதியைப் போட்டால் அன்றைக்கு எத்தனை கப்பல் என்று முன்னாடியே தெரிந்துவிடும்.

உங்கள் பையன் அங்கே மாஹோ கடற்கரைக்குக் கூப்பிடுவான், விமானம் தலைக்கு மேலே உரசிக்கொண்டு இறங்குமே, அதே இடம். பார்க்கலாம், ஆனால் ஓடுபாதை வேலிக்குப் பின்னால் போய் நிற்கவே கூடாது. விமானம் கிளம்பும்போது அடிக்கிற காற்றில் 2017-ல் ஒரு சுற்றுலாப் பயணி தூக்கி எறியப்பட்டு இறந்திருக்கிறார். இன்னொன்று, திரும்பும் வழியில் சிம்ப்சன் பே பாலம் இருக்கிறது. பாய்மரப் படகுகள் உள்ளே போக அதைத் தூக்குவார்கள், தூக்கினால் நம் ஊர் ரயில்வே கேட் மாதிரி இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். கப்பல் கிளம்புகிற நாளில் அந்தப் பக்கம் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நாசாவில் நடந்து போகிற தூரத்தில் ஜங்கானூ கடற்கரை இருக்கிறது. காசு செலவில்லை, தண்ணீரும் பார்க்க அழகுதான், ஆனால் ஸ்பீக்கர் சத்தம், கூட்டம், பக்கத்திலேயே துறைமுகம். உங்கள் கணவர் பத்து நிமிஷம் தாங்க மாட்டார். என்னைக் கேட்டால் அன்றைக்குக் கடலை விட்டுவிட்டு, ஸ்ட்ரா மார்க்கெட்டில் பனை ஓலைக் கூடை பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். எல்லோரும் இறங்கிப்போன கப்பலில் நீச்சல் குளம் காலியாக இருக்கும்.

கப்பல் டூருக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. நிஜமாகவே போய்விடும். அதனால் 'எல்லோரும் ஏற வேண்டிய நேரம்' என்று அட்டையில் போட்டிருப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கடற்கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கிளம்பும் நேரம் வேறு, ஏறும் நேரம் வேறு, இரண்டுக்கும் நடுவில் வழக்கமாக அரை மணியாவது இருக்கும்.

கே: மே மாதப் பள்ளி விடுமுறையில் மியாமியிலிருந்து கொசுமேல், கிராண்ட் கேமன் போகிற கப்பலில் போகிறோம். குழந்தைகள் இருவரும் சின்னவர்கள். அந்த நேரத்தில் கடல் முழுக்கப் பாசி, நாற்றம் தாங்காது என்று ஆபீஸ் நண்பர் பயமுறுத்துகிறார். கேன்சல் செய்துவிடலாமா? – மாட்டுங்கா வாசகர்

ப: கேன்சல் எல்லாம் வேண்டாம். நண்பர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது எல்லாக் கரைக்கும் பொருந்தாது. சர்காஸம் என்கிற பழுப்பு நிறப் பாசி அது. 2011-லிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே பெரும் திட்டுத் திட்டாக மிதக்க ஆரம்பித்து, வசந்தத்திலும் கோடையிலும் கரீபியன் கரைகளில் வந்து குவிகிறது. கடலில் மிதக்கும் வரை அதனால் தொந்தரவு இல்லை, கரையில் குவிந்து அழுகும்போதுதான் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது, ஆஸ்துமா இருப்பவர்கள் கிட்டே போகக் கூடாது.

உங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டு ஊரிலுமே நல்ல கடற்கரைகள் மேற்குக் கரையில்தான். எதிர்க்கரையில் இருக்கும் பிளாயா டெல் கார்மனும் துலூமும் பாசியில் முழுகிக் கிடக்கும் நாளில்கூட கொசுமேலின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். போகிற வாரத்தில் அந்தந்தக் கடற்கரையின் வெப்கேமைப் பாருங்கள். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படத்தை வைத்து மாதாமாதம் வெளியிடும் சர்காஸம் நிலவரமும் இணையத்தில் கிடைக்கும்.

கொசுமேலில் கப்பலை விட்டு இறங்கின உடனே மணல் இருக்காது, பாறைக் கரைதான். டாக்ஸியில் தெற்கே பதினைந்து இருபது நிமிஷம் போனால் பீச் கிளப்புகள் வரிசையாக இருக்கின்றன. பாரடைஸ் பீச், மிஸ்டர் சாஞ்சோஸ் இரண்டும் பலருக்கும் தெரிந்த பெயர்கள். நாற்காலி, நிழல், நீச்சல் குளம், சுத்தமான கழிப்பறை, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் கழிப்பறைக்கே காசு கொடுக்கலாம் என்பேன். முன்பதிவு செய்துவிடுங்கள். தண்ணீருக்குள் அங்கங்கே சுண்ணாம்புப் பாறை கூராக இருக்கும், குழந்தைகளுக்குத் தண்ணீரில் போடும் ரப்பர் ஷூ கட்டாயம் வேண்டும். கிழக்குக் கரை ஆளே இல்லாமல் அழகாகத் தெரியும், டாக்ஸிக்காரர் காட்டுகிறேன் என்பார். பார்த்துவிட்டு வாருங்கள், குழந்தைகளை இறக்காதீர்கள், உள்ளே இழுக்கிற கடல் அது. அக்சா கடற்கரையில் மூழ்கினவர்கள் பற்றிய செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்கு மேடை கிடையாது. நடுக்கடலில் நிற்கும், சின்னப் படகில் மாறித்தான் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். கடல் ஆடினால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள், அதனால் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். செவன் மைல் கடற்கரை உண்மையில் ஏழு மைல் இல்லை, அதுவும் தெற்கு முனையில் மணல் அரித்துக்கொண்டு போய்விட்டது. டிரைவரிடம் வடக்கே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். கழிப்பறை வேண்டுமென்றால் பப்ளிக் பீச், அமைதி வேண்டுமென்றால் இன்னும் வடக்கே செமட்டரி பீச். பெயருக்கு ஏற்ற மாதிரி பக்கத்தில் நிஜமாகவே கல்லறை இருக்கிறது, அதனாலோ என்னவோ கூட்டம் குறைவு!

கடைசியாகக் கடிகாரம். கொசுமேலும் கேமனும் கோடையில் நேரத்தை மாற்றுவதில்லை, மியாமி மாற்றும். மே மாதத்தில் கப்பல் மியாமி நேரத்திலேயே ஓடினால், கப்பலில் நாலு மணி ஆகும்போது கரையில் உங்கள் போன் மூன்று என்று காட்டும். போனை நம்பி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கப்பல் போயிருக்கும். இறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்க விசா பல முறை நுழையும் வகைதானா என்று பாருங்கள், கப்பல் திரும்பி வருவதும் அமெரிக்காவுக்குள் நுழைவதுதானே. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், கொசுமேல் இருக்கும் மெக்சிகோவுக்குத் தனியாக விசா வேண்டாம்.

கே: அந்தக் கடற்கரைகளில் என்ன உடுத்துவது? நீச்சல் உடை எனக்குப் பழக்கமில்லை. வேறு என்ன கொண்டு போக வேண்டும்? – முலுந்த் வாசகி

ப: உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், இஷ்டம்போல் உடுத்துங்கள். பருத்தி சுடிதார் மட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை நைலான் நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் வசதி, வெயிலுக்கும் பாதுகாப்பு. பேரனுக்கு ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் வாங்கின ராணுவ டிசைன் டிரவுசர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பார்படாஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

சன்ஸ்கிரீன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரைலீன் என்று இருந்தால் செயின்ட் தாமஸ் அடங்கிய அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020-லிருந்து தடை, பவளப்பாறைக்குக் கேடு என்பதால். ஜிங்க் ஆக்ஸைடு போட்டது வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் சாப்பாட்டிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கட்டிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் பரவாயில்லை. பிறகு, கடற்கரை மரத்தடியில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் உதிர்ந்து கிடந்தால் தொடாதீர்கள். மான்சினீல் என்கிற விஷ மரம் அது, பால் பட்டால் கொப்பளிக்கும், மழையில் அதன் கீழே ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே போதும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள்.

கே: டாக்ஸி, படகு ஒன்றும் வேண்டாம், கப்பலை விட்டு இறங்கினால் மணல். அப்படி ஊர் உண்டா? – வாஷி வாசகர்

ப: உண்டு. கிராண்ட் டர்க். கப்பல் மேடையிலிருந்து நடந்து இறங்கினாலே கடற்கரை, அதுவும் காற்றுக்கு மறைவான பக்கம். மற்றபடி கப்பல் கம்பெனிகளே பஹாமாஸில் தங்களுக்கென்று வைத்திருக்கும் தீவுகள், கோகோகே மாதிரி. சுத்தத்துக்குக் குறைவில்லை, ஊர் என்று ஒன்று இருக்காது, அவ்வளவுதான்.

கே: அமெரிக்காவில் எனக்கு யாரும் இல்லை. மும்பையிலிருந்தே கப்பல் ஏறி இப்படி ஒரு கடற்கரையில் இறங்க முடியுமா? – தாராவி வாசகர்

ப: முடியும், லட்சத்தீவு. மழைக்காலம் ஓய்ந்த பிறகு பாலார்டு பியரிலிருந்து கப்பல் போகிறது. அங்கே தீவுகளின் மேற்குப் பக்கத்தில் பவளத்திட்டு சூழ்ந்த காயல், தண்ணீர் இடுப்பளவில் கண்ணாடியாக நிற்கும். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், கப்பல்காரர்கள் வாங்கித் தருகிறார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அங்கேயும் நடுக்கடலில் நிறுத்திப் படகில்தான் இறக்குவார்கள், கடல் சரியில்லை என்றால் இறக்க மாட்டார்கள். அப்படி ஆனால் பணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.