இலவச வாசிப்புகளை ஸ்லைடில் ஒலிக்கவிட: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லிப்ரிவாக்ஸ் தளத்தில் கிடைக்கும் ஒலிநூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து என் பிரசென்டேஷனில் சேர்க்கலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், அனுமதி தேவையில்லை. 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் வாசிப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். வாசித்த பதிவின் மீது எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிடுகிறார்கள். வெட்டலாம், ஒட்டலாம், கட்டணம் வாங்கும் கூட்டத்திலும் ஒலிக்கவிடலாம். பெயர் போட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆனாலும் கடைசி ஸ்லைடில் நூல், ஆசிரியர், வாசித்தவர், தளம் நான்கையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். காசு வாங்காமல் மணிக்கணக்கில் வாசித்தவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. குரலுக்கு ஓர் உரிமை, வாசிக்கப்பட்ட நூலுக்கு இன்னோர் உரிமை. லிப்ரிவாக்ஸ் நூல்களைத் தேர்வு செய்வது அமெரிக்கச் சட்டத்தை வைத்து. பழைய நூல்களுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுவரை உரிமை. 1929இல் வெளிவந்தவை 2025 பிறந்ததும் பொதுவாகிவிட்டன. இந்தியாவில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1925இல் நூலை வெளியிட்டு 1970இல் மறைந்த ஓர் இந்திய ஆசிரியரின் நூல் அமெரிக்காவில் பொது. இந்தியாவில் 2030 முடியும்வரை பொது ஆகாது. மொழிபெயர்ப்பு, உரை (நூலுக்கு எழுதிய விளக்கம்) இரண்டுக்கும் தனிக்கணக்கு உண்டு. மூலம் எத்தனை பழையதானாலும் உரை எழுதியவர் அண்மையில் மறைந்தவர் என்றால் அந்த உரையைத் தொடாதீர்கள்.

கேள்வி: ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் மற்றத் தளங்களின் வாசிப்புகள்?

பதில்: இலவசமாகக் கேட்க முடிவது வேறு, எடுத்துப் பயன்படுத்த முடிவது வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் பொது அனுமதி) போட்டிருந்தால் அதன் எழுத்துகளைப் பாருங்கள். ‘பிஒய்’ என்றால் பெயர் போட்டே ஆக வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றி அமைத்துப் பகிரக்கூடாது. அதை விட்டுவிட்டு வேறு பதிவைத் தேடுவதே நல்லது. எதுவும் எழுதப்படவில்லை என்றால் உரிமை வாசித்தவரிடமே இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: அத்தியாயம் 25 நிமிடம் ஓடுகிறது. எனக்கு வேண்டியது 40 விநாடி. பவர்பாயின்ட்டிலேயே வெட்டினால் போதாதா?

பதில்: பிளேபேக் டேபில் உள்ள ‘டிரிம் ஆடியோ’ வேலை செய்யும். ஆனால் அது வெட்டுவதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. 128 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தின் அளவு) எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். நீங்கள் 40 விநாடி மட்டும் ஒலிக்கவிட்டாலும் 24 எம்பி கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஃபைல் → இன்ஃபோ → கம்ப்ரெஸ் மீடியா கொடுத்தால்தான் மறைத்த பகுதி நீங்கும்.

ஆடாசிட்டியில் முன்கூட்டியே வெட்டுவது இதைவிடச் சுத்தம். ஒலியை வெட்டித் திருத்தும் அதுவும் இலவச மென்பொருள்தான். 64, 128 இரண்டு தரத்திலும் பதிவு கிடைத்தால் 128ஐ இறக்குங்கள். வேண்டிய பகுதியைத் தேர்வு செய்யும்போது முதல் சொல்லுக்கு முன் அரை விநாடி விடுங்கள். அலைவடிவில் சொல் தொடங்கும் மேட்டின் விளிம்பிலேயே வெட்டினால் முதல் மெய்யெழுத்து அடிபடும். ‘க’வும் ‘ப’வும் காணாமல் போகும். வாசிப்பவர் மூச்சிழுக்கும் சத்தம் சொல்லுக்கு முன் இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். மூச்சை வெட்டினால் குரல் இயந்திரம்போல் ஆகிவிடும். முடிவில் ஃபேட் அவுட் (ஒலியை மெல்லத் தேய்த்து முடிப்பது) போடுவது கடைசிச் சொல்லின் மேல் அல்ல, அதற்குப் பின்வரும் அமைதியின் மேல்; ஒரு விநாடி போதும்.

இரைச்சல் இருந்தால், குரல் இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ கருவியில் மாதிரி எடுங்கள். குறைக்கும் அளவை முதலில் 6 டெசிபலில் வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வாசித்தவர்கள் பலரின் பதிவுகளைச் சேர்க்கிறீர்கள் என்றால் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ மூலம் எல்லாவற்றின் சத்த அளவையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) பேச்சுக்குப் பொருந்தும். எல்லாத் திருத்தமும் முடிந்தபின் ஒரே ஒரு முறை எம்பி3ஆக ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3ஐத் திறந்து சேமித்து, மறுபடி திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

கேள்வி: ஸ்லைடு மாறியதும் குரல் நின்றுவிடுகிறது. ‘பிளே அக்ராஸ் ஸ்லைட்ஸ்’ டிக் செய்தால் கடைசிவரை ஓடுகிறது. மூன்று ஸ்லைடுக்கு மட்டும் ஓட என்ன செய்வது?

பதில்: அனிமேஷன் பேனில் ஒலியின் வரியை இருமுறை சொடுக்குங்கள். ‘ஸ்டாப் பிளேயிங்’ என்ற இடத்தில் ‘ஆஃப்டர்’ தேர்ந்தெடுத்து 3 என்று கொடுங்கள். ஒலி தொடங்கும் ஸ்லைடையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படியே ‘ஸ்டார்ட்’ பகுதியையும் பாருங்கள். ‘வென் கிளிக்டு ஆன்’ என்று இருக்கும்போது ‘ஹைட் டியூரிங் ஷோ’ டிக் செய்தால் சொடுக்குவதற்கு ஐகானே திரையில் இருக்காது, மேடையில் திணறுவீர்கள். ஐகானை மறைப்பதாக இருந்தால் ‘ஆட்டோமேட்டிக்கலி’ வையுங்கள்.

பலர் பயன்படுத்தாத ஒரு வசதியும் இருக்கிறது. ஒலியை ஓடவிட்டு, ஒரு சொல் வரும் இடத்தில் நிறுத்தி, ‘ஆட் புக்மார்க்’ கொடுங்கள். பிறகு படத்துக்கு ஓர் அனிமேஷன் போட்டு, ‘டிரிக்கர் → ஆன் புக்மார்க்’ வழியாக அந்தக் குறியுடன் இணையுங்கள். அந்தச் சொல் ஒலிக்கும் கணத்தில் படம் திரையில் தோன்றும்.

கேள்வி: வீட்டில் சரியாக ஓடியது அரங்கில் ஓடவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். ‘லிங்க் டு ஃபைல்’ முறையில் சேர்த்திருந்தால் ஒலி உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டது. ‘இன்சர்ட்’ முறையில் மறுபடி சேருங்கள். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் ஒலி டிரைவில் இருக்கிறது. கோப்பைத் திறப்பவருக்கு அதன் அனுமதியும் வேண்டும், இணையமும் வேண்டும். இணையவழிக் கூட்டம் என்றால் திரையைப் பகிரும்போது ‘ஷேர் சவுண்ட்’ டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள்.

முதல் இரண்டு சொல் மட்டும் விழுங்கப்படுகிறது என்றால் கோப்பில் பழுதில்லை. தூங்கிக்கிடக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள ஒரு கணம் எடுக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு விநாடி வெற்று ஒலி சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: வாசிக்கப்படும் பத்தியை ஸ்லைடிலும் போடலாமா?

பதில்: மொழி கற்பவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் கட்டாயம் போடுங்கள். மற்றவர்கள் குரலைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, மிச்ச வாசிப்பைக் காதில் வாங்காமல் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு படமும் கீழே நூலின் பெயரும் போதும். கலந்த கூட்டம் என்றால் பத்தியை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாம். குரல் ஓடும்போது நீங்கள் மட்டும் பேச வேண்டாம்.