ஆற்றில் மீன் இல்லாத ஆண்டில் சோதனை வலை எதற்கு?

கேள்வி: கனடாவில் சர்ரே நகரில் வசிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் உரிமம் எடுத்து, ஆகஸ்டில் மகனோடு ஃபிரேசர் ஆற்றில் தூண்டில் போடுவது வழக்கம். இம்முறை சாக்கை சால்மன் வரத்துக் குறைவு என்று கரையையே மூடிவிட்டார்கள். ஆனால் ஆல்பியன் பக்கம் போனால், ஒரு படகு காலையில் வலை விட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டால் சோதனை வலையாம். எனக்கு ஒரு மீனுக்கும் அனுமதி இல்லை, அவர்களுக்கு மட்டும் வலையா? வேறு வகை சால்மனுக்காவது தூண்டில் போடலாமா? சாலையோரத்தில் விற்கும் சால்மனை வாங்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆற்றங்கரையில் பல தலைமுறைகளாக வாழும் பூர்வகுடி மக்கள் இதே கேள்வியை உங்களைவிட உரக்கக் கேட்டுவருகிறார்கள். ஆனாலும் அந்தப் படகை ஆற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

சோதனை வலை என்பது, எத்தனை மீன், எந்த வகை, எப்போது வருகிறது என்று கணிப்பதற்காக மட்டும் விடப்படும் வலை. முதலில் ஒரு திருத்தம். ஆல்பியனில் நீங்கள் பார்த்த வலை பெரும்பாலும் சினூக், சம் என்ற சால்மன் வகைகளுக்கானது. சாக்கைக்கான சோதனை வலை அங்கிருந்து சற்று மேலே வானக்கில் விடப்படுகிறது. இவற்றைத் தவிர, மீன் ஆற்றுக்குள் நுழையும் முன்பே கடலில் ஜான்ஸ்டன் நீரிணையிலும் ஹுவான் டி ஃபூகா நீரிணையிலும் சோதனைப் படகுகள் இருக்கின்றன. வான்கூவர் தீவை வடக்காகச் சுற்றி எத்தனை மீன் வருகின்றன, தெற்காக எத்தனை என்பதை அவை காட்டும். கடலில் சுருக்குவலையும் செவுள்வலையும், ஆற்றில் செவுள்வலையும் பயன்படுகின்றன.

வரத்துக் குறைந்த ஆண்டில்தான் இந்த வலைகள் அதிகம் தேவைப்படுகின்றன என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கும். காரணம் இதுதான். ஜூலை கடைசியில் வலையில் மீன் குறைவாக விழுகிறது என்று வையுங்கள். அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். மீன் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம், அல்லது நிறைய மீன் தாமதமாக வந்துகொண்டிருக்கலாம். அந்த வாரத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றேதான். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே அளவு வலையை, ஒரே நேரக்கணக்கில் விட்டுப் பார்த்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனித்தால்தான் வித்தியாசம் தெரியும். நடுவில் பத்து நாள் நிறுத்திவிட்டால் அந்தக் கோடு அறுந்துவிடும்.

பருவம் தொடங்கும் முன் சொல்லப்படும் முன்கணிப்பை நம்பி இந்த ஆற்றில் யாரும் முடிவெடுக்க முடியாது. 2009இல் ஒரு கோடிக்கும் மேல் சாக்கை வரும் என்றார்கள். வந்தது 15 லட்சம் அளவு. அந்த அதிர்ச்சியில்தான் நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2012இல் அது 75 பரிந்துரைகள் தந்தது. 2020இல் எதிர்பார்த்தது ஒன்பது லட்சத்துக்கு மேல், வந்தது மூன்று லட்சத்துக்கும் குறைவு. 1893இல் தொடங்கிய பதிவுகளில் அதைவிடக் குறைந்த ஆண்டு இல்லை. 2025இல் நேர் எதிராக நடந்தது. ஏறக்குறைய 30 லட்சம் என்று கணித்திருக்க, அதன் மூன்று மடங்குக்கும் மேல் வந்து குவிந்தது. மூன்று ஆண்டுகளிலும் உண்மை நிலவரத்தைப் பருவத்தின் நடுவிலேயே காட்டியவை வலைகளும், மிஷன் நகரருகே ஆற்றுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ஒலிக்கருவியும்தான்.

ஒலிக்கருவியே போதாதா என்று கேட்பீர்கள். அது மீன்களை எண்ணும். எந்த மீன் என்று சொல்லாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் பிங்க் சால்மன் லட்சக்கணக்கில் சாக்கையோடு கலந்து ஏறும். திரையில் எல்லாமே ஒளிக்கீற்றுகள். எத்தனை சாக்கை, எத்தனை பிங்க் என்று பிரிக்க, மீனைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட படகு ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். மிதவைகள் வளைந்து வளைந்து நீரோட்டத்தோடு இறங்கின. குறித்த நேரம் ஆனதும் உருளை சுற்றி வலையை வாங்கினார்கள். அந்த முறை வலையில் ஏழே மீன்கள். பணியாளர் ஒவ்வொன்றையும் பலகையில் கிடத்தி, முதுகுத் துடுப்புக்குப் பின்னால், பக்கக்கோட்டுக்குச் சற்று மேலே, இடுக்கியால் ஒரு செதிலைப் பிடுங்கிப் பசை அட்டையில் ஒட்டினார். பிறகு துடுப்பில் சிறு துண்டு. செதிலின் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள். துடுப்புத் துண்டின் மரபணு அந்த மீன் பிறந்த ஏரியையே சொல்லிவிடும்: சில்கோவா, ஸ்டூவர்ட்டா, கல்டஸா என்று. இது ஆய்வாளர்களின் ஆர்வத்துக்காகச் செய்யும் வேலை அன்று. கல்டஸ் ஏரிச் சாக்கை அழிவின் விளிம்பில் இருக்கிறது. முதலில் ஏறிவரும் ஸ்டூவர்ட் கூட்டம், ஃபிரேசரின் பிக் பார் பகுதியில் பாறை சரிந்து ஆற்றை அடைத்தது தெரியவந்த 2019இல் ஏறக்குறைய முழுவதுமாகவே அழிந்தது. நலிந்த கூட்டம் எந்த வாரம் கடக்கிறது என்று தெரிந்தால்தான், மற்றவர்களின் வலைகளை அந்த வாரம் கரையேற்ற முடியும்.

இனி, எதிர்ப்பாளர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடானவை.

முதலாவது, மீனை விற்று ஆய்வுக்குப் பணம் திரட்டும் வழக்கம். சோதனை வலையில் செத்த மீனை விற்று, படகு வாடகையையும் கூலியையும் ஈடுகட்டிவந்தார்கள். 2006இல் கிழக்குக் கரையின் நண்டு தொடர்பான லாரோக் வழக்கில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், மீன்வளம் மக்களின் சொத்து, அதை விற்று அமைச்சர் தம் துறையின் செலவைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 2012இல் சட்டத்தையே திருத்தி அந்த வழியை மறுபடி திறந்தார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. வரத்துக் குறைந்த ஆண்டில் விற்க மீன் இருக்காது, ஆனால் தகவல் மிக அவசியமாக இருக்கும். அந்தச் செலவு அரசு கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும். தேவைக்கு மேல் ஒரு மீன்கூட விற்பனைக்காகப் பிடிக்கப்படக் கூடாது.

இரண்டாவது, ஸ்டீல்ஹெட் என்ற, கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் டிரவுட் மீன். தாம்சன், சில்கோடின் கிளையாறுகளின் ஸ்டீல்ஹெட் கூட்டம் இன்று சில நூறு மீன்கள் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இலையுதிர் காலத்தில் சம் மீனுக்காக ஆல்பியனில் விடும் வலையில் இவையும் சிக்குகின்றன. அந்த ஆண்டு எத்தனை ஸ்டீல்ஹெட் வருகின்றன என்று கணிப்பதோ அதே வலையில் சிக்கியதை வைத்துத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வலை கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, உயிருள்ளதை உடனே மீட்புத் தொட்டியில் விட்டுத் தெளியவைத்துத் திருப்பி அனுப்புவது, இவை கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவது, முன்னுரிமை. உச்ச நீதிமன்றம் 1990இல் ஸ்பாரோ வழக்கில் வரிசையைத் தெளிவாக்கிவிட்டது: முதலில் மீனைக் காப்பது, அடுத்து பூர்வகுடிகளின் உணவு மற்றும் சடங்குத் தேவை, அதன்பின்தான் வணிகமும் பொழுதுபோக்கும். மஸ்குவியம் சமூகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஸ்பாரோ மீது வழக்குப் போட்டதே, 25 பாகம் (ஒரு பாகம் ஆறடி) அனுமதித்த இடத்தில் 45 பாக வலை விட்டார் என்பதற்காக. அப்படிப் போராடிப் பெற்ற உரிமையைத் தாங்களே முன்வந்து நிறுத்தி, வலையைச் சுருட்டி வைத்திருக்கும் குடும்பங்களின் கண்ணெதிரே இன்னொரு படகு வலை விட்டால் அவர்கள் நெஞ்சு பதறாதா? சோதனை வலையில் செத்த மீன் அந்தச் சமூகங்களின் அடுப்புக்குத்தான் போக வேண்டும். அன்றன்று எத்தனை மீன், எங்கே போனது என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

இனி உங்கள் மற்ற இரு கேள்விகள்.

வேறு வகை சால்மனுக்குத் தூண்டில் போடலாமா என்றால், ஆறு சால்மனுக்கு முழுவதுமாக மூடப்பட்டிருக்கும்போது கூடாது. சாக்கையைக் காக்க மற்ற வகைகளுக்கும் ஏன் தடை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஃபிரேசரில் பெரும்பாலானோர் ஈயக்குண்டை ஆற்றடியில் உருட்டி, நீண்ட தூண்டில் நரம்பை ஓட்டத்தில் இழுக்கிறார்கள். மீன் இரையைக் கடிப்பதில்லை; திறந்த வாய்க்குள் நரம்பு நுழைந்து, முள் வெளிப்பக்கத்திலிருந்து குத்துகிறது. அதனால் எதை எதிர்பார்த்துப் போட்டாலும் சாக்கை மாட்டும். விட்டுவிடுகிறேனே என்பதும் போதாது. தண்ணீர் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிட்டால், போராடிக் களைத்த மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் முட்டையிடும் இடம் சேராமலே சாகக்கூடும். மீன்பிடிக்க அனுமதிக்கும் நாள்களைச் சொல்லும் திறப்பு அறிவிப்பு பருவத்தின் நடுவிலேயே மாறும். பருவத்தில், கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த ஃபிரேசர் ஆற்றுக் குழு வழக்கமாகச் செவ்வாயும் வெள்ளியும் கூடி வரத்துக் கணக்கைத் திருத்துகிறது. கிளம்பும் நாள் காலையில் மீன்வளத் துறை அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். மிஷன் ரயில் பாலத்துக்குக் கீழே கூட்டரசின் உரிமம், மேலே மாகாண உரிமம் என்பதும் நினைவிருக்கட்டும்.

சாலையோர மீனைப் பொறுத்தவரை, பூர்வகுடி வியாபாரி என்றாலே சட்டவிரோதம் என்று எண்ணிவிடாதீர்கள். பல சமூகங்களுக்கு முறையான வணிகப் பிடிப்பும் உண்டு. உணவு, சடங்குக்காகப் பிடித்த மீனை விற்கத்தான் அனுமதியில்லை. உங்களைப் போலப் பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்தவரும் விற்கக் கூடாது. எந்தத் திறப்பில் பிடித்தது என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். அந்த வாரம் யாருக்கும் வணிகத் திறப்பே இல்லை என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

மகனுக்கு ஏமாற்றமாக இருக்கும். அக்டோபரில் சில்லிவாக் பக்கம் வெடர் ஆற்றுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட கோஹோ ஏறும். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மீன் மாட்டியதும் தண்ணீரிலேயே வைத்து, வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வெட்டப்பட்டு, தழும்பு ஆறியிருந்தால் பொரிப்பக மீன், கொண்டுவரலாம். துடுப்பு முழுதாக இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்தது. தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.