கரன்ட் போனால் எந்த கேமரா?

கேள்வி: 2024 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது செல்போன், டிஜிட்டல் கேமரா இரண்டிலுமே சார்ஜ் இல்லை. நிவாரணத்துக்குக் காட்ட ஒரு படம்கூட எடுக்கவில்லை. கரன்ட் வேண்டாத ஃபிலிம் கேமராதான் நல்லது என்கிறார் அண்ணன். இன்ஸ்டன்ட் கேமரா போதும் என்கிறாள் மகள். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: இரண்டும் வேண்டாம். இருக்கும் கேமராவுக்கு இன்னொரு பேட்டரி வாங்குங்கள்.

ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் உங்களுடையது. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அண்ணன் சொல்வது பாதிதான் சரி. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000, ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த யாஷிகா மேட் 124ஜி எல்லாம் ஸ்பிரிங்கில் ஓடும் ஷட்டர் கொண்டவை. பேட்டரி தீர்ந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான் நிற்கும், படம் விழும். தானாக ஃபிலிம் சுற்றும் சின்ன கேமராக்களோ பேட்டரி இல்லாமல் அசையாது. சரி, எடுத்த ரோலை எங்கே கழுவுவீர்கள்? கறுப்பு வெள்ளை என்றால் வெளிச்சம் புகாத டாங்க், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ஹைப்போ வைத்துக் கரன்ட் இல்லாமலே வீட்டில் கழுவலாம். அதற்குப் பழகிய கையும் நல்ல தண்ணீரும் வேண்டும். வெள்ளத்தன்று நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கலர் ஃபிலிமுக்கு டெவலப்பர் 38 டிகிரி சூட்டிலேயே இருக்க வேண்டும், அது லேப் வேலை. வி.ஏ.ஓ. வந்து கேட்கும்போது உங்கள் கையில் இருப்பது யாரும் பார்க்க முடியாத ஒரு ரோல்.

மகள் சொல்வதில் இன்னும் கொஞ்சம் நியாயம் உண்டு. எடுத்தவுடன் படத்தை அச்சாகவே வெளியே தள்ளும் இன்ஸ்டன்ட் கேமராவான இன்ஸ்டாக்ஸ் மினி, பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், ஒன்றரை நிமிடத்தில் படம் தெளிந்துவிடும். ஆனால் படம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. சுவர் வெடிப்பு அதில் சரியாகத் தெரியாது. நெகட்டிவும் கிடையாது. ஆபீசில் கொடுத்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

டிஜிட்டல் கேமராவில் முழு சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரி சில நூறு படங்களுக்கு வரும். சேதத்தைக் காட்ட முப்பது படம் போதும். கார்டில் ஏறிய படம் சார்ஜ் தீர்ந்தாலும் அழியாது. கனமழை எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் சார்ஜ் ஏற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் பரண்மேல் வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துத் தள்ளிவிடாதீர்கள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருக்கும்போதே, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி, உயரம் தெரிகிற மாதிரி முதல் படத்தை எடுங்கள்.